விலாசம் சரியில்லாத மதிப்புகள்: குளோஜர் சேனலில் சரிபார்ப்பு வைப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தொலைபேசி அடித்தால் எங்கள் தொழிலில் அது நல்ல செய்தியாக இருந்ததில்லை. அழைத்தவர் வேளச்சேரியில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் செயலாளர். "அம்மா, உங்கள் திரையில் எங்கள் சம்ப் நிரம்பி இருக்கிறது. குழாயில் காற்றுதான் வருகிறது. நாங்கள் எதை நம்புவது?"

கிண்டி தொழிற்பேட்டையில் இரண்டாம் மாடியில் இயங்கும் ஆறு பேர் கொண்ட அலுவலகம் எங்களுடையது. அடுக்ககங்களின் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடிக்கு அடியில் சிறிய ஒலி அலைக் கருவி ஒன்றைப் பொருத்துகிறோம். அது தனக்கும் தண்ணீருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லும். தண்ணீர் குறைந்தால் எங்கள் மென்பொருள் லாரிக்கு முன்பதிவு செய்யும். அந்தச் சனிக்கிழமை இரவு கருவியின் கம்பி கழன்று, அது 0 என்று அனுப்பத் தொடங்கியிருக்கிறது. தூரம் 0 என்றால் தண்ணீர் மூடியைத் தொடுகிறது என்று பொருள். மென்பொருளும் அப்படியே நம்பி, நிம்மதியாக லாரியைக் கூப்பிடாமல் இருந்துவிட்டது.

0 என்பது நடக்கவே முடியாத மதிப்பு. நாங்கள் வாங்கும் கருவி சுமார் 20 சென்டிமீட்டருக்குக் குறைவான தூரத்தை அளக்காது. அதனால்தான் உச்ச நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் மேலே அதைப் பொருத்துகிறோம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிரலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்ன கதைதான் இது. முதல் மூன்று முறை தவறாகச் சொன்னேன் என்பதால் அந்தத் தவறுகளையும் வரிசையாகவே எழுதுகிறேன்.

நிரல் வரிகளை இங்கே ஒட்டப்போவதில்லை. ஒட்டினால் நகலெடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்ததுபோல உங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். எடிட்டரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கே நிறுத்திச் சோதிப்பது

எங்கள் நிரல் குளோஜர் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. கருவிகளிலிருந்து வருவதை ஒரு பக்கம் வாங்கி, இன்னொரு பக்கம் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க கோர் அசிங்க் நூலகத்தின் சேனலைப் பயன்படுத்துகிறோம். போடுபவரும் எடுப்பவரும் ஒருவரையொருவர் அறியாமல், நடுவில் உள்ள சேனலை மட்டும் அறிந்திருப்பது இதன் அழகு. கணினி அறிஞர் டோனி ஹோர் 1978இல் எழுதிய கட்டுரையில் வேர் கொண்ட சிந்தனை இது. கோ மொழி அதைப் பரவலாக்கியது; குளோஜருக்கு 2013இல் வந்து சேர்ந்தது.

குளோஜர் சேனலுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஆகாது: நில் (nil), அதாவது "எதுவும் இல்லை" என்ற மதிப்பு. மற்றபடி எண், எழுத்து, வரைபடம் (சாவியும் அதற்குரிய மதிப்புமாக அடுக்கிய தரவு), குப்பை எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். சேனலுக்கு வகை குறிக்கும் மொழிகளில் இந்தத் தொல்லை இல்லையே என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முழு எண் மட்டுமே போகும் சேனல் என்று எழுதியிருந்தாலும் அந்த 0 உள்ளே போயிருக்கும். அதுவும் முழு எண்தானே.

எங்கள் சேனலில் மூன்று பேர் போடுகிறார்கள்: இணையம் வழியாகப் பேசும் புதுக் கருவிகள், குறுஞ்செய்தி வழியாகப் பேசும் பழைய கருவிகள், கருவி பழுதானால் கோல் விட்டு அளந்து கைபேசியில் பதிவு செய்யும் காவலாளி. எடுப்பவர்களும் மூன்று: திரை, லாரி முன்பதிவு, வரலாற்றுப் பதிவேடு. போடும் இடத்தில் சோதித்தால் விதிகளை மூன்று இடத்தில் எழுதவேண்டும். எடுக்கும் இடத்தில் சோதித்தாலும் மூன்று. இரண்டு நாளில் அவை ஒன்றோடொன்று முரண்படும். எல்லோரும் கடந்துபோகும் ஒரே வாசல் சேனலின் வாய். அங்கே நிற்பதுதான் சரி என்று முடிவு செய்தேன். (ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறது.)

சேனலை உருவாக்கும் ஃபங்ஷன் மூன்று பொருள்களை வாங்கும். முதலாவது பஃபர், அதாவது எடுக்கப்படும்வரை மதிப்புகள் காத்திருக்கும் இடம். இரண்டாவது, உள்ளே வரும் மதிப்பை மாற்றவோ வடிகட்டவோ செய்யும் டிரான்ஸ்டியூசர். மூன்றாவது, அந்த மாற்றத்தின் நடுவே எக்செப்ஷன் (நிரலின் ஓட்டத்தை முறிக்கும் பிழை) வெடித்தால் அழைக்கவேண்டிய ஃபங்ஷன். டிரான்ஸ்டியூசர் கொடுத்தால் பஃபரும் கொடுத்தாகவேண்டும். இல்லையென்றால் சேனலே உருவாகாது. நான் 32 கொடுத்தேன்.

முதல் தவறு: ஃபில்டர்

மிக எளிய வழி, ஃபில்டர் டிரான்ஸ்டியூசரில் ஒரு நிபந்தனையைக் கொடுத்துவிடுவது. தூரம் 20க்கும் 230க்கும் இடையில் இருந்தால் உள்ளே வா, இல்லையென்றால் போ. ஒரே வரி. பெருமையாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், ஃபில்டர் தள்ளிவிட்ட மதிப்புக்கும் சேனல் "பெற்றுக்கொண்டேன்" என்றே பதில் சொல்கிறது. சேனல் திறந்திருந்தால், மதிப்பைப் போடும் புட் கட்டளைக்கு உண்மை என்ற பதில் வரும். மூடியிருந்தால்தான் பொய் என்று வரும். மதிப்பு நல்லதா கெட்டதா என்பதற்கும் அந்தப் பதிலுக்கும் தொடர்பே இல்லை. போட்டவருக்குத் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்து ஒரு சம்ப்பிலிருந்து மூன்று நாளாக எந்த அளவும் வரவில்லை என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். கருவி ஓய்வில்லாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. நான் ஓய்வில்லாமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் அப்பா எழும்பூரில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) தபால் பிரிப்பில் வேலை பார்த்தவர். சுவர் முழுக்க மரப்பொந்துகள், ஊருக்கு ஒன்று. கடிதத்தை எடுத்து, பின்கோடு பார்த்து, கை போகும் திசையில் பொந்துக்குள் வீசுவார். விலாசம் புரியாத கடிதத்துக்கும் ஒரு பொந்து இருந்தது. புரியவில்லை என்பதற்காக எந்தக் கடிதத்தையும் யாரும் கிழித்துப்போட முடியாது. அனுப்பியவரைத் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்ப தபால் துறையில் தனி அலுவலகமே உண்டு. இந்தக் கதையை வீட்டில் நூறு முறை கேட்டவள், ஃபில்டர் எழுதும்போது மறந்துவிட்டேன்.

இரண்டாம் தவறு: வெடிக்கவிடுவது

சரி, மௌனமாகத் தள்ளாமல் சத்தம் போடுவோம் என்று மாற்றினேன். டிரான்ஸ்டியூசருக்குள் மதிப்பு தவறாக இருந்தால் எக்செப்ஷனை எறிவது. அந்த மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். அப்படி விட்டால், எக்செப்ஷன் புட் செய்தவரிடம் வராது. அந்த த்ரெட்டில் (நிரல் ஓடும் இழையில்) யாரும் பிடிக்காத எக்செப்ஷன்களைக் கவனிக்கும் பொதுக் கையாளியிடம் போகும். வழக்கமாக அது பிழை வெளியீட்டில் பத்து வரி அச்சிட்டுவிட்டு அடங்கிவிடும். மதிப்பு மறுபடியும் காணாமல் போகும். ஃபில்டருக்கும் இதற்கும் வித்தியாசம், இதில் பதிவுக் கோப்பு பருத்துப்போனதுதான்.

மூன்றாவது இடத்தில் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் நிலைமை மேம்படும். அது எக்செப்ஷனை வாங்கிக்கொண்டு எதையாவது திருப்பித் தந்தால், அந்தப் பொருள் தவறான மதிப்புக்குப் பதிலாகச் சேனலுக்குள் போகும். நில் தந்தால் எதுவும் போகாது. ஆனால் கவனியுங்கள், அந்த ஃபங்ஷனுக்கு வருவது எக்செப்ஷன் மட்டும்தான், மதிப்பு வராது. எந்தச் சம்ப், என்ன அளவு என்று தெரியவேண்டுமானால், எறியும்போதே எக்ஸ் இன்ஃபோ கொண்டு தரவை உள்ளே கட்டி எறியவேண்டும்.

இது வேலை செய்யும். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கருவியில் ஈரம் படிந்து தவறான அளவு வருவது சென்னை மழைக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. அன்றாட நிகழ்ச்சிக்கு எக்செப்ஷன் என்று பெயர் வைப்பது பொருந்தாது. அந்த மூன்றாவது ஃபங்ஷனை என் சொந்த நிரலில் உள்ள பிழைகளுக்காக மட்டும் வைத்திருக்கிறேன்: அது எழுதிவைத்துவிட்டு நில் தரும்.

உறையும் சீட்டும்

இப்போது பயன்படுத்தும் வழி இது. டிரான்ஸ்டியூசர் எதையும் தள்ளுவதில்லை, எதையும் எறிவதுமில்லை. வரும் ஒவ்வொரு மதிப்பையும் ஓர் உறைக்குள் போட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டுகிறது. குளோஜரில் சொல்வதானால், மேப் டிரான்ஸ்டியூசர் ஒன்று. அதற்குள் ஒரு சரிபார்க்கும் ஃபங்ஷன். அது இரண்டு சாவிகள் உள்ள வரைபடத்தைத் திருப்பித் தரும். ஒன்றில் வந்த மதிப்பு வந்தபடியே இருக்கும். மற்றொன்றில் குறைகளின் பட்டியல். பட்டியல் காலி என்றால் மதிப்பு நல்லது.

வந்தபடியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய கருவி தூரத்தை எழுத்துச் சரமாக அனுப்பும். அதை எண்ணாக மாற்றி, மாற்றியதை மட்டும் உறையில் வைத்தால், மாற்றம் தவறும் நாளில் மூலத்தைப் பார்க்க வழியிருக்காது. மாற்றிய எண்ணுக்கு வேண்டுமானால் மூன்றாவது சாவி வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் ஃபங்ஷன் முழுவதையும், எக்செப்ஷனைப் பிடிக்கும் ட்ரை கேட்சுக்குள் வையுங்கள். அதுவே தடுமாறினால் "சோதனை தடுமாறியது" என்று ஒரு குறையை ஒட்டி உறையைத் தந்துவிடும். மதிப்பு கையில் இருக்கும் இடம் அதுதான். அங்கே பிடித்தால் எதுவும் தொலையாது.

அடுத்து ஸ்ப்ளிட். இது ஒரு நிபந்தனையையும் ஒரு சேனலையும் வாங்கிக்கொண்டு இரண்டு சேனல்களைத் தரும்: நிபந்தனைக்கு உட்பட்டவை ஒன்றில், மற்றவை இன்னொன்றில். நிபந்தனை, "குறைப் பட்டியல் காலியா?" அவ்வளவுதான். அப்பாவின் மரப்பொந்து கிடைத்துவிட்டது.

மூன்றாம் தவறை இங்கேதான் செய்தேன். நல்ல சேனலிலிருந்து எடுக்க ஆள் வைத்தேன். கெட்ட சேனலிலிருந்து எடுக்க யாரையும் வைக்கவில்லை; நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிற்பகல் 3 மணிக்கு ஏற்றினேன். முதல் கெட்ட மதிப்பு வந்ததும் ஸ்ப்ளிட் அதைக் கெட்ட சேனலில் போட முயன்று, எடுக்க ஆளில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. அது நின்றால் நல்லவையும் நகராது. பின்னால் பஃபரின் 32 இடங்கள் நிரம்பின. அதற்குப் பின்னால் வந்தவை வாசலில் வரிசை கட்டின. ஒரு சேனலில் காத்திருக்கும் புட்கள் 1024க்கு மேல் போகக்கூடாது என்பது கோர் அசிங்க்கின் விதி. அதைத் தாண்டினால் அது கத்தும். எங்களிடம் அப்போது 60 சம்ப்கள், மணிக்கு 720 அளவுகள். கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம். 4.35க்குக் கத்தியது. எங்கள் அலுவலகத்தின் இளையவர் எட்டிப் பார்த்து, "அக்கா, கெட்டதை வெளியே அனுப்ப வழி வைக்காமல் கதவை மட்டும் கட்டிவிட்டீர்கள்" என்றார். மழைநீர் வடிகாலைப் பற்றிச் சென்னைக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லும் அதே குறை.

ஆகவே: கெட்ட சேனலைத் தொடும் முன்பே அதைக் காலி செய்யும் கோ லூப்பை, அதாவது பின்னணியில் ஓடும் சுழற்சியை, எழுதிவிடுங்கள். ஸ்ப்ளிட்டுக்கு இரு பக்கத்துக்கும் தனித்தனி பஃபர் கொடுக்கலாம். கெட்ட பக்கத்துக்கு டிராப்பிங் பஃபர் 500 கொடுத்திருக்கிறேன். நிரம்பினால் புதிதாக வருபவற்றை அது விட்டுவிடும், பாதையை அடைக்காது. ஸ்லைடிங் பஃபர் என்றால் பழையவை விழுந்து புதியவை நிற்கும். நல்ல அளவுகளுக்கு ஸ்லைடிங் பொருந்தலாம், ஏனென்றால் புதிய அளவுதான் முக்கியம். பழுதுக்கு நேர்மாறு: வெள்ளமாகப் பிழை வரும்போது முதலில் வந்தவைதான் காரணத்தைக் காட்டும். டிராப்பிங் பஃபர் விடுவதை எப்படி அறிவது? சரிபார்க்கும் ஃபங்ஷனிலேயே ஓர் ஆட்டமில் (atom, பல த்ரெட்கள் பாதுகாப்பாக மாற்றக்கூடிய கொள்கலன்) குறை வாரியாக எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறேன். பக்க விளைவே கூடாது என்னும் தூய பக்தர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நல்ல சேனலில் எடுப்பவர்கள் மூன்று பேர் என்றேன். ஒரு மதிப்பை ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் கிடைக்காது; அதனால் ஒரே மதிப்பைப் பலருக்கும் பிரதியெடுத்துத் தரும் மல்ட் வைத்து, மூவருக்கும் டேப் (ஆளுக்கொரு கிளைச் சேனல்) கொடுங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் சொந்த பஃபர் வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மந்தமானால் மற்ற இருவரும் காத்திருப்பார்கள்.

நில் பற்றி

நில்லைச் சேனலில் போட்டால் உடனே எக்செப்ஷன். டிரான்ஸ்டியூசர் அதைப் பார்ப்பதற்கு முன்பே. சேனல் மூடிவிட்டது என்பதற்கான அடையாளம் நில் என்பதால் இந்தக் கண்டிப்பு. குறுஞ்செய்தியைப் பிரித்துப் பொருள் காணும் எங்கள் ஃபங்ஷன், புரியாத செய்திக்கு நில் தந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, புரியாத செய்தியின் மூலச் சரத்தையே போடும்படி செய்தேன். வாசலில் உள்ள சோதனை அதற்கு "வடிவம் புரியவில்லை" என்று சீட்டு ஒட்டும். விதி எளிது: போடும் இடத்தில் ஒரே ஒரு சோதனை, அது நில் சோதனை.

என்னென்ன விதிகள்

விதிகளை எழுத, தரவின் வடிவத்தைச் சோதிக்கும் குளோஜர் ஸ்பெக் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். மாலியும் நல்ல நூலகம்; புதிதாகத் தொடங்குபவர்கள் அதையும் பார்க்கலாம். ஸ்பெக்கில் எக்ஸ்பிளெயின் டேட்டா என்ற ஃபங்ஷன் குறை இல்லையென்றால் நில் தரும், இருந்தால் எந்தச் சாவியில் எந்த நிபந்தனை தோற்றது என்று விவரம் தரும். அந்த விவரம் மனிதர்கள் படிக்க ஏற்றதல்ல. நான் அதைப் பார்த்து "தூரம் அதிகம்", "கிட்டத்தில் தடை", "கடிகாரம் தவறு" என்று குறுஞ்சொற்களாக மாற்றிக்கொள்கிறேன். காவலாளிக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டியது அந்தச் சொல்தான்.

ஸ்பெக்கின் கீஸ், வேண்டிய சாவிகள் இருக்கிறதா என்று பார்க்கும். வேண்டாத சாவிகள் இருந்தால் கண்டுகொள்ளாது. சாவியின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், அது விருப்பச் சாவியாக இருந்தால் பிழை தெரியாமலே போகும். ஆகையால் தேவையானவை எல்லாவற்றையும் கட்டாயச் சாவிகளாகவே எழுதுங்கள்.

எண்களுக்கு ஒரு பொறி. தூரம் தசம எண்ணாக வரும்போது சில நேரம் "நான்" (NaN) வரும், அதாவது எண் அல்லாத எண். இந்த NaN மதிப்போடு பெரிதா, சிறிதா, சமமா என்று எந்த ஒப்பீடு செய்தாலும் விடை பொய். "20க்குக் குறைவாக இருந்தால் தள்ளு, 230க்கு மேல் இருந்தால் தள்ளு" என்று எழுதினால் இரண்டு ஒப்பீடும் பொய்யாகி, NaN ஜம்மென்று உள்ளே நடந்துவிடும். "20க்கும் 230க்கும் இடையே இருந்தால் சேர்" என்று எழுதினால் வெளியே நிற்கும். காதால் கேட்டால் இரண்டும் ஒரே விதிதான். எல்லைகள் கொடுக்காவிட்டால் ஸ்பெக்கின் "டபிள்-இன்" என்ற சோதனையும் NaN மதிப்பைத் தானாகத் தடுப்பதில்லை, தடுக்கச் சொல்லவேண்டும். விதியை எப்போதும் ஏற்கும் பக்கமிருந்தே எழுதுங்கள்.

கடிகாரம் அடுத்தது. கருவியின் பொத்தான் மின்கலம் செத்து மறுபடி எழுந்தால், நேரம் 1970 ஜனவரி 1இலிருந்து தொடங்கும். இந்திய நேரப்படி அதிகாலை 5.30. எங்கள் பதிவேட்டில் 1970 ஜனவரி 1, காலை 5.45க்கு மடிப்பாக்கத்தில் ஒரு சம்ப் பாதி நிறைந்திருந்ததாகப் பதிவு உண்டு. அந்த அடுக்ககம் கட்டப்பட்டது 2011இல். கருவியின் நேரம் நம் சர்வர் நேரத்தைத் தாண்டி இரண்டு நிமிடத்துக்கு மேல் எதிர்காலத்தில் இருந்தாலும், கருவி பொருத்திய நாளுக்கு முந்தியிருந்தாலும் "கடிகாரம் தவறு".

ஆனால் பழைய நேரமெல்லாம் தவறான நேரமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமும் இணையமும் நாள் கணக்கில் இல்லை. கருவிகள் அளவுகளைத் தங்களுக்குள் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாகக் கொட்டின. அவை நல்ல அளவுகள், பழைய அளவுகள். வரலாற்றுப் பதிவேட்டுக்கு அவை வேண்டும். லாரி முன்பதிவுக்கு அவை விஷம். முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான். மதிப்பு தன்னளவில் சரியா என்பதை வாசலில் பாருங்கள். இந்த வேலைக்கு அது ஆகுமா என்பதை அந்த வேலையைச் செய்பவர் பார்க்கட்டும். 15 நிமிடத்துக்கு மேல் பழையதை லாரி முன்பதிவு மட்டும் தானாக ஒதுக்கிக்கொள்கிறது.

அதே புயலில் இன்னொன்றும் கற்றேன். வெள்ளம் புகுந்த சம்ப்களில் கருவியே தண்ணீரில் மூழ்கி, "கிட்டத்தில் தடை" என்ற குறை வரிசையாக வந்தது. எல்லாம் கெட்ட சேனலுக்குச் சரியாகப் போயின. மழை நாளில் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து மூன்று முறை அந்தக் குறை வந்தால், அது பழுது அல்ல, செய்தி: சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கலாம், மோட்டாரைப் போடாதீர்கள். கெட்ட சேனலைப் படிக்கும் லூப் இப்போது அந்த எச்சரிக்கையைச் செயலாளருக்கு அனுப்புகிறது. ஃபில்டர் போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

முந்தைய அளவோடு ஒப்பிடுவது

தனித்து நின்றால் சரியாகவும் முந்தையதோடு வைத்துப் பார்த்தால் அபத்தமாகவும் இருக்கும் அளவுகள் உண்டு. வேளச்சேரிச் சம்ப் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம்: 24,000 லிட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 120 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கொட்டினால் 100 சென்டிமீட்டர் ஏறும், அதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஆகவே நிமிடத்துக்கு 12 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் சந்தேகம். இடைவெளி ஐந்து நிமிடமே என்று எண்ணிவிடாமல், இரு அளவுகளின் நேர வித்தியாசத்தால் வகுங்கள். இணைப்பு அறுந்து வந்தால் இடைவெளி நீளும்.

இதற்கு நினைவு வைத்துக்கொள்ளும் டிரான்ஸ்டியூசர் வேண்டும். உள்ளே ஒரு வோலட்டைல் (மாற்றக்கூடிய சிறு நினைவுப் பெட்டி), அதில் சம்ப் எண்ணுக்கு எதிரே கடைசி நல்ல அளவு. சம்ப் வாரியாக என்பதை மறந்து ஒரே ஒரு கடைசி அளவை வைத்தால், அடையாற்றின் அளவோடு அம்பத்தூரை ஒப்பிடுவீர்கள். இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இந்த டிரான்ஸ்டியூசரைப் பல மதிப்புகளை ஒரே நேரத்தில் பதப்படுத்தும் பைப்லைனில் போடாதீர்கள். பைப்லைன் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக நடத்தும், நினைவு ஒவ்வொரு முறையும் வெறுமையிலிருந்து தொடங்கும், விதி இருப்பதுபோலத் தோன்றும் ஆனால் இருக்காது. இரண்டு, தவறான ஓர் அளவு எப்படியோ நல்லதாக நுழைந்துவிட்டால், அதன்பின் வரும் சரியான அளவுகள் கொஞ்ச நேரத்துக்கு "திடீர் ஏற்றம்" என்று தள்ளப்படும். தள்ளப்பட்ட மூன்று அளவுகள் தங்களுக்குள் ஒத்துப்போனால் அவற்றைப் புதிய அடிப்படையாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன்.

சோதனைக்குள் டேட்டாபேஸ் வேண்டாம்

ஒவ்வொரு சம்ப்பின் ஆழமும் வேறு. அதை டேட்டாபேஸில் கேட்டுப் பார்த்துச் சோதிக்கலாமே என்று தோன்றும். சேனலின் டிரான்ஸ்டியூசர் ஓடும் நேரம் முழுவதும் அந்தச் சேனலின் பூட்டு அதன் கையில் இருக்கும். டேட்டாபேஸ் அரை நொடி தாமதித்தால் அந்த அரை நொடி யாரும் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கோ லூப் போன்ற கோ பிளாக்குகளை ஓட்டும் த்ரெட்கள் நான் பயன்படுத்தும் பதிப்பில் எட்டுதான். எட்டும் அந்தப் பூட்டின் முன் நின்றால் மென்பொருள் முழுவதும் உறைந்துவிடும். ஆழங்களை ஓர் ஆட்டமில் ஏற்றி வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேறோர் இடத்திலிருந்து புதுப்பியுங்கள். வாசலில் நிற்பவர் கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்தால் போதும், ஒவ்வொருவருக்கும் தலைமை அலுவலகத்தை அழைக்கவேண்டியதில்லை.

சேனல் இல்லாமலே பரிசோதிப்பது

டிரான்ஸ்டியூசருக்குத் தான் சேனலில் ஓடுகிறோமா, சாதாரணப் பட்டியலில் ஓடுகிறோமா என்று தெரியாது. இந்த வசதியை விட்டுவிடாதீர்கள். சோதனை எழுதும்போது சேனல், டைம் அவுட், காத்திருப்பு எதுவும் வேண்டாம். இன்ட்டு ஃபங்ஷனுக்கு ஒரு காலி வெக்டர், உங்கள் டிரான்ஸ்டியூசர், அளவுகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் கொடுத்தால் சீட்டு ஒட்டிய உறைகள் வரிசையாகக் கிடைக்கும். என் பட்டியலில் 0, 19, 20, 230, 231, NaN, "145" என்ற சரம், காலிச் சரம், 1970, நாளைய தேதி எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கெட்ட சேனலில் புதுவிதமாக ஒன்று வந்து விழும்போதும், உறைக்குள் வந்தபடியே இருக்கும் அந்த மதிப்பை எடுத்து இந்தப் பட்டியலின் கடைசியில் ஒட்டிவிடுகிறேன். இப்போது 41 இருக்கின்றன.

சேனல்களைச் சேர்த்து ஒரே ஒரு சோதனை மட்டும் வைத்திருக்கிறேன்: இரண்டாயிரம் கெட்ட மதிப்புகளைக் கொட்டி, அதன் பின் ஒரு நல்ல மதிப்பைப் போட்டு, அது இரண்டு நொடிக்குள் மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பது. அந்த 4.35 மணியின் நினைவாக.

இன்று காலை கெட்ட சேனலின் பட்டியலில் 11 உறைகள். இரண்டு பெரும்பாக்கத்தில், கடிகாரம். மீதி ஒன்பதும் அதே வேளச்சேரிச் சம்ப்பிலிருந்து, "கிட்டத்தில் தடை". மழை இல்லை, ஆகவே சிலந்திவலையாக இருக்கும். செயலாளருக்குச் சொல்லியாகிவிட்டது. காவலாளி கோலை எடுத்துக்கொண்டு, மூடியைத் திறந்து துடைக்கப் போயிருக்கிறார்.